ஜாமீன் கிடைத்தவர்கள் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொங்கு மண்டலத்துக் குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து, 2021இல் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது, ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராக வாரம் ஒரு நாள், வியாழக்கிழமைகளில், சிறைக்குப் போய் விசாரணைக் கைதிகளைப் பார்த்து வருகிறேன்.

புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து தங்கள் நாளிதழில் அதுபற்றி வரும் கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் ஒன்று விடாமல் படிக்கிறேன். பெயரை ஏன் சமஸ்கிருதத்தில் வைத்தார்கள், 302 எந்த எண்ணாக மாறியது, போலீஸ் காவலை நீட்டித்துவிட்டார்களா என்றெல்லாம் எழுதுகிறார்கள். எழுத வேண்டியவைதான். ஆனால் நான் வாரந்தோறும் கண்ணால் பார்க்கிற ஒரு விஷயத்தைப் பற்றி யாரும் எழுதக் காணோம். நீதிபதி ஜாமீன் கொடுத்துவிட்டார், ஆணை சிறைக்கும் வந்துவிட்டது, ஆனாலும் ஆள் உள்ளேயே இருக்கிறான். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில். அதைப் பற்றி எழுதவே இந்தக் கடிதம். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெளியில் இருப்பவர்கள், ஜாமீன் என்றால் நீதிபதி சொன்ன அன்றே ஆள் வீடு வந்து சேர்ந்துவிடுவான் என்று நினைக்கிறார்கள். ஆணையில் இப்படி இருக்கும்: “தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு நபர் ஜாமீன் அளிக்க வேண்டும், அவர்களில் ஒருவர் ரத்த உறவினராக இருக்க வேண்டும்.” இந்தப் பத்தாயிரத்தை யாரும் கையில் கட்டுவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் வாய்தாவுக்கு வராமல் போனால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அப்படி எழுதிக் கொடுக்கத் தகுதி உள்ளவர்தானா என்று பார்ப்பதற்கு வீட்டு வரி ரசீது, ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், சில இடங்களில் கிராம நிர்வாக அலுவலரின் சான்று என்று ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதங்கள் நீதிபதி முன் போவதற்கு முன்னால் என் மேசைக்கு வரும். சரிபார்த்து, இடது பெருவிரல் ரேகை வாங்கி, சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவது என் வேலை.

எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. வரி ரசீது போன வருடத்தது. ரசீதில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்று, ஆதாரில் வேறொன்று. வீடு இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறது. இவையெல்லாம் நான் சொன்ன காரணங்கள்.

2018இல் நடந்தது ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. பர்கூர் மலையிலிருந்து ஒரு பெரியவர் அண்ணன் மகனுக்கு ஜாமீன் கொடுக்க வந்தார். மஞ்சள் பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் பை, அதற்குள் காகிதங்கள், அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். மழையில் நனைந்துவிடக் கூடாது என்று அப்படிச் சுற்றியிருந்தார். வரி ரசீது இருந்தது. ஆனால் அவர் சித்தப்பா என்பதற்கு எந்தக் காகிதத்திலும் ஆதாரம் இல்லை. உறவுச் சான்று வாங்கி வாருங்கள் என்றேன். நான்கு நாள் கழித்து வந்தார். சான்றில் முத்திரை தெளிவாக இல்லை. மறுபடியும் போய் வந்தார். மூன்றாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. ரேகை வாங்கப் பெருவிரலை மையில் ஒற்றினேன். காகிதத்தில் ஊதா நிறத்தில் ஒரு வட்டம்தான் விழுந்தது, கோடே இல்லை. துடைத்துவிட்டு மறுபடி ஒற்றினேன். அதே வட்டம். மண்வெட்டியும் கல்லும் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்துபோன விரல் அது. என்னவோ தான் தப்புச் செய்துவிட்டதைப் போல அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே, “இதற்கும் ஏதாவது சான்று வாங்கி வரவேண்டுமா சாமி?” என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் அந்த வட்டத்தையே ஏற்றுக்கொண்டு காகிதத்தை உள்ளே அனுப்பினேன். ஆனால் அதற்குள் அந்தப் பையன், ஜாமீன் கிடைத்த பிறகு, 13 நாள் சிறையில் இருந்துவிட்டான். அந்த 13 நாளும் என் மேசையில் கழிந்தவை.

நாங்கள் இப்படிக் கண்டிப்பாக இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நீதிமன்ற வாசல் டீக்கடையில் கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசும் ஜாமீன்தாரர்கள் இருந்தார்கள். ஒரே வரி ரசீதை வைத்து ஊர் ஊராகப் போய்க் கையெழுத்துப் போடுவார்கள். அவர்களைத் தடுக்கத்தான் புகைப்படமும் ரேகையும் வந்தன. ஆனால் கூலிக்கு வருபவனுக்கு எந்தக் காகிதம் எப்படி இருக்க வேண்டும் என்று அத்துப்படி. அவன் காகிதத்தில் ஒருநாளும் குறை இருக்காது. திரும்பிப் போனவர்கள் எல்லாம் சொந்த அப்பாக்களும் சித்தப்பாக்களும்தான். காசு உள்ள குடும்பம் டீக்கடைக்குப் போனது. இல்லாத குடும்பம் கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்குமாக நடந்தது.

சட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்தால் வருத்தம் இன்னும் கூடுகிறது. ரத்த உறவு என்ற சொல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இல்லை, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்திலும் இல்லை. வரி ரசீதும் இல்லை. ஜாமீன்தாரர் தகுதியானவரா என்பதற்கு உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்றுக்கொள்ளலாம், தேவை என்று பட்டால் விசாரித்துக்கொள்ளலாம் என்பதுதான் அதில் உள்ளது. பிணைத் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மற்றவை நாங்களாக வழக்கத்தில் சேர்த்துக்கொண்டவை. வழக்கம் நாளடைவில் சட்டத்தைவிடக் கெட்டியாகிவிட்டது.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்த பையனைப் பற்றிச் சொல்கிறேன். வயது 22. ஒடிசாவின் உள்கிராமம் ஒன்றிலிருந்து வந்து பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தவன். தொழிலாளர் விடுதியில் இரண்டு செல்போன்கள் காணாமல் போயின. ஒன்று இவன் பையில் கிடைத்தது என்று வழக்கு. எடுத்தானா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே விசாரணை. போன்களின் மதிப்பு ஐயாயிரத்துக்கு மேல் என்பதால் ஜாமீனில் விட முடியாத பிரிவு. கைதான 19ஆம் நாள் நடுவர் நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. தலா பத்தாயிரத்துக்கு இரண்டு நபர் ஜாமீன், ஒருவர் ரத்த உறவு.

நான் அவனை முதலில் பார்த்தது 33ஆம் நாள். அதாவது ஜாமீன் ஆணை வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்பதே அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. காணொலியில் நீதிபதி ஏதோ சொன்னார், பிறகு திரை அணைந்துவிட்டது என்றான். பனியன் கம்பெனியில் கற்றுக்கொண்ட தமிழ் அவனுடையது. “சரக்கு”, “ஷிப்ட்”, “சம்பளம்” எல்லாம் தெளிவாகச் சொல்வான். “ஜாமீன்தாரர்” புரியவில்லை. கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று விளக்கினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து அவன் கேட்கும் முதல் கேள்வி, “ஐயா, கையெழுத்து வந்ததா?” என்பதுதான்.

அவனுடைய அறைத் தோழன் மூலம் ஊரில் இருக்கும் தகப்பனாரிடம் பேசினோம். அவர் கூலி வேலை செய்பவர். ரயிலில் வந்து, தங்கி, திரும்பிப் போக வேண்டும். வந்தாலும் அவர் வீட்டுக்கு வரி ரசீது கிடையாது. நிலக் காகிதம் என்று ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினார். முழுக்க ஒடியா எழுத்து. அதை எந்த நீதிமன்ற எழுத்தர் படிப்பார்? நானே என் மேசையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் ஷிப்டை விட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள் ஆதாரிலும் ஒடிசா முகவரிதான். உள்ளூர் ஆள் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். முதலாளியிடம் போனேன். உட்கார வைத்துக் காபி கொடுத்தார். மரியாதையாகவே, “கம்பெனி பெயர் கோர்ட்டுக்குப் போக வேண்டாம் ஐயா” என்றார்.

நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று என் வீட்டிலும் கேட்டார்கள். ஒருவனுக்குப் போடலாம். அந்த வாரம் என் குறிப்பேட்டில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் ஒன்பது பேர்.

சட்ட உதவி வழக்கறிஞர் மூலம் நிபந்தனையைத் தளர்த்தக் கோரி 47ஆம் நாள் மனுப் போட்டோம். அரசுத் தரப்புக்கு நகல் போனது. ஒரு வாரம் வாய்தா. பிறகு இன்னொரு வாரம். அதற்குள் 58ஆம் நாள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை அவன் கையெழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “ஐயா, ஒப்புக்கொண்டால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள் என்று உள்ளே சொல்கிறார்கள். உண்மையா?” என்று கேட்டான். பெரும்பாலும் உண்மை. குறைந்தபட்சத் தண்டனை இல்லாத சிறு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டால், இதுவரை சிறையில் இருந்த காலமே தண்டனை என்று தீர்ப்பாகும். அன்று மாலையே வெளியே வரலாம். அவனிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடுவார்கள், ஆனால் ஒப்புக்கொள்ளாதே, செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்றே சொல் என்றேன். “அப்படியென்றால் நான் எந்தத் தேதியில் வெளியே போவேன்?” என்று கேட்டான். சொல்வதற்கு என்னிடம் தேதி இல்லை.

74ஆம் நாள் அவன் கூண்டில் நின்று ஒப்புக்கொண்டான். இருந்த நாட்களே தண்டனை, சிறு அபராதம். அபராதத்தை நண்பர்கள் கட்டினார்கள். நான் வியாழக்கிழமை போனபோது ஆள் இல்லை. ஊருக்குப் போய்விட்டானாம்.

இதில் என்ன நஷ்டம், ஆள் வெளியே வந்துவிட்டானே என்று சிலர் நினைக்கலாம். இங்கேதான் புதிய சட்டத்தை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு நல்ல பிரிவு. ஒரு குற்றத்துக்கு உள்ள அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்ட விசாரணைக் கைதியை ஜாமீனில் விட வேண்டும் என்பது பழைய 436-ஏ பிரிவிலேயே இருந்தது. புதிய சட்டம் ஒரு படி மேலே போய், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும் என்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. காலம் முடிந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் கடமை விதித்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 23 அன்று நீதிபதிகள் ஹிமா கோஹ்லி, சந்தீப் மேத்தா அமர்வு, இந்தச் சலுகை ஜூலை 1க்கு முன் பதிவான வழக்குகளுக்கும் உண்டு என்று உத்தரவிட்டது.

இதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. பாதிக் காலம் முடித்தவரைப் பற்றிச் சொல்லும்போது சட்டம் “ஜாமீன்” என்ற சொல்லைப் போடுகிறது. மூன்றில் ஒரு பங்கு முடித்த முதல்முறை ஆளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் “பிணைப் பத்திரத்தின் பேரில்” என்கிறது. அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு, அப்படிப்பட்ட பத்திரம் என்றால் ஜாமீன்தாரர் இல்லாமல் தானே எழுதிக் கொடுப்பது என்று பொருள் சொல்லியிருக்கிறது. அதாவது நம் பேச்சில் சொந்த ஜாமீன். வரி ரசீதோ ரத்த உறவோ தேவையில்லை. இந்த வாசகத்தை முதலில் படித்த அன்று எனக்கு அந்தப் பர்கூர் பெரியவரின் விரல்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஓர் ஆண்டு. ஒப்புக்கொண்டால் 74 நாளில் வீடு, ஒப்புக்கொள்ளாமல் சட்டத்தின் சலுகைக்குக் காத்திருந்தால் ஓர் ஆண்டு. 22 வயதுப் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

தேர்ந்தெடுத்ததற்கு அவன் கொடுக்கப்போகும் விலையைப் பாருங்கள். அவன் இனி “தண்டனை பெற்றவன்”. நாளை எந்த வழக்கில் பெயர் சேர்ந்தாலும் மூன்றில் ஒரு பங்குச் சலுகை அவனுக்கு இல்லை. ஐயாயிரத்துக்குக் குறைவான பொருளைத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறைக்குப் பதில் சமூக சேவை என்று புதிய தண்டனைச் சட்டம் 303ஆம் பிரிவில் சொல்கிறதே, அதுவும் முதல்முறை தண்டிக்கப்படுபவருக்குத்தான், அதுவும் போயிற்று. அதற்கும் மேலே, அதே பிரிவில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஓராண்டுக் கடுங்காவல், ஐந்து ஆண்டு வரை போகலாம் என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். பழைய சட்டத்தில் திருட்டுக்குக் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. ஆக, சிறு குற்றவாளிகளுக்கு இந்தச் சட்டம் திறந்த கதவுகள் எல்லாம் முதல்முறை ஆட்களுக்கான கதவுகள். கையெழுத்துப் போட ஆள் இல்லாத ஒரே காரணத்தால் அவன் அந்த வரிசையிலிருந்து வெளியே தள்ளப்பட்டுவிட்டான். 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் எச்சரித்து விட்டிருந்தால் தண்டனை பெற்றவன் என்ற தகுதிக்குறைவாவது ஒட்டியிருக்காது. அன்று நீதிமன்றத்தில் அதைக் கேட்க யாரும் இல்லை. நானும் அங்கே இல்லை.

இவன் ஒருவன் கதை என்று விட்டுவிட முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 டிசம்பர் 31 அன்று நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்; நூற்றுக்கு 75.8 பேர். அன்று சிறைகளில் இருந்த இடமோ 4,36,266 பேருக்குத்தான். விசாரணைக் கைதிகளாலேயே கிட்டத்தட்ட எல்லா இடமும் நிரம்பியிருந்தது.

உச்ச நீதிமன்றம் இதைப் பார்க்காமல் இல்லை. 2023 ஜனவரி 31 அன்று நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கௌல், அபய் எஸ். ஓகா அமர்வு ஏழு கட்டளைகள் இட்டது. ஜாமீன் ஆணையின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போய்க் கைதியின் கையில் சேர வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன் பத்திரம் தாக்கல் ஆகவில்லை என்றால், நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதே தாமதத்துக்கு ஒரு காரணம், அந்த நிபந்தனையை விதிக்க வேண்டாம் என்றும் சொன்னது. மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கென்று ஒரு திட்டம் அறிவித்து, ஜாமீனுக்காக விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்றது. மாவட்ட ஆட்சியரும் ஆணைக்குழுச் செயலாளரும் காவல் கண்காணிப்பாளரும் அடங்கிய குழு முடிவு செய்ய வேண்டும். அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது அதில் பாதி.

இன்னும் பின்னால் போனால் 1978. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் மோதிராம் வழக்கு. நடுவர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். உடன்பிறந்தவர் ஒருவர் ஜாமீன் கொடுக்க வந்து நின்றபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஒரே நாட்டுக்குள் வேறு மாவட்டத்தான், வேறு மாநிலத்தான் என்று பார்ப்பது என்ன நியாயம் என்று கேட்டு, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். அதே பத்தாயிரம், அதே வெளியூர்க் காரணம். இத்தனை ஆண்டு கழித்து என் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது.

479ஆம் பிரிவில் எனக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவின் கீழ் விடக் கூடாது என்று ஓர் உட்பிரிவு வைத்திருக்கிறார்கள். சிறு திருட்டில் ஆள் அகப்பட்டால் கண்டுபிடிக்காமல் கிடக்கும் பழைய வழக்குகளையும் அவன் தலையில் எழுதுவது எவ்வளவு வழக்கம் என்று நீதிமன்ற ஊழியர் யாரைக் கேட்டாலும் சொல்வார். அப்படி எழுதப்பட்டவனுக்கு இந்தப் பிரிவு இருந்தும் இல்லாததுபோலத்தான். இது நாடாளுமன்றம் திருத்த வேண்டிய விஷயம்.

ஆனால் நான் கேட்கப்போகும் இரண்டுக்கு எந்தத் திருத்தமும் வேண்டாம்.

முதலாவது ஒரு நோட்டு. ஒவ்வொரு நடுவர் நீதிமன்றத்திலும் தலைமை எழுத்தர் மேசையில் இருக்க வேண்டும். ஐந்து கட்டங்கள் போதும்: வழக்கு எண், கைதியின் பெயர், ஜாமீன் கொடுத்த தேதி, பத்திரம் தாக்கலான தேதி, முப்பதாவது நாள் எது என்பது. நான்காவது கட்டம் காலியாக இருக்கும் பெயர்களை மட்டும் வாரத்தின் முதல் வேலைநாளில் நீதிபதி முன் வைக்க வேண்டும். இப்போது ஜாமீன் ஆணை போட்டதும் அந்த மனு முடிந்த மனுக்களின் கட்டுக்குள் போய்விடுகிறது. எங்கள் கணக்கில் அது தீர்ந்துவிட்ட காரியம். பத்திரம் வந்தால்தான் கட்டைத் திரும்பப் பிரிப்போம். வராவிட்டால் கட்டு பிரிபடாமலே இருக்கும். முப்பதாவது நாளில் நீதிமன்றம் தானாக எடுக்க வேண்டுமென்றால், அன்று முப்பதாவது நாள் என்று யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? கணினியில் இருக்கிறது, சிறை மென்பொருளில் இருக்கிறது என்பார்கள். இருக்கலாம். காலை பத்தரைக்கு நீதிபதி இருக்கையில் அமரும்போது அவர் கைக்கு எது வருகிறதோ அதுதான் அன்று நடக்கும். 32 ஆண்டுகள் அந்தக் கைக்குக் காகிதம் எடுத்துக் கொடுத்தவன் சொல்கிறேன்.

இரண்டாவது ஒரு கேள்வி. சிறையிலிருந்து வழிக்காவலுடன் அழைத்து வரப்படுகிறவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லும்போது, அதைப் பதிவு செய்வதற்கு முன் நீதிபதி கேட்க வேண்டும்: “உனக்கு ஜாமீன் கிடைத்திருக்கிறதே, ஏன் வெளியே வரவில்லை?” ஆள் இல்லை என்று பதில் வந்தால், ஒப்புதலை அன்று பதியாமல் சொந்த ஜாமீனில் அனுப்பிவிட்டு, வெளியில் இருந்து வந்து நின்று அதே வார்த்தையைச் சொல்கிறானா என்று அடுத்த வாய்தாவில் பார்க்கட்டும். அப்போதும் ஒப்புக்கொண்டால் அது அவன் ஒப்புக்கொண்டது.

சொந்த ஜாமீனில் விட்டால் ஓடிவிடுவார்கள் என்பது உடனே வரும் பதில். வெளிமாநிலத்து ஆள் என்றால் இன்னும் உரக்க வரும். சிலர் ஓடுவார்கள்தான். வரி ரசீது கொடுத்தவர்களிலும் ஓடியவர்கள் உண்டு. பிடியாணைக் கட்டுகளைச் சுமந்தவன் நான். வாராவாரம் காவல் நிலையத்தில் கையெழுத்து, வேலை செய்யும் இடத்தின் முகவரி, அறைத் தோழர் ஒருவரின் உறுதிமொழி என்று எத்தனையோ வழி இருக்கிறது. கொலை, பாலியல் வன்கொடுமை வழக்குகளை நான் இதில் சேர்க்கவில்லை. பேசுவது செல்போன், சைக்கிள், அரிசி மூட்டை, குடித்துவிட்டுப் போட்ட அடிதடி பற்றி. பாதிக்கப்பட்டவர் நியாயம் என்ன என்றும் கேட்பார்கள். போனைப் பறிகொடுத்தவனும் அதே விடுதியில் இருந்த இன்னொரு கூலித் தொழிலாளிதான். உண்மையில் எடுத்தது யார் என்று அவனுக்கும் யாரும் சொல்லவில்லை. ஒப்புதலோடு வழக்கு முடிந்துவிட்டது. கிடைக்காமல் போன அந்த இரண்டாவது போனைப் பற்றிப் பிறகு யாரும் கேட்கவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் செய்தியாளர்கள் நாள்தோறும் நீதிமன்ற வளாகங்களுக்குப் போகிறார்கள். பெரிய வழக்குகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், தலைமை எழுத்தர் மேசைக்குப் போய், “இந்த நீதிமன்றத்தில் ஜாமீன் கொடுத்து முப்பது நாளாகியும் வெளியே வராதவர்கள் எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். எண்ணைச் சொன்னால் அதை வெளியிடுங்கள். தெரியாது என்று சொன்னால் அதையும் வெளியிடுங்கள். வரும் வியாழக்கிழமை நான் சிறைக்குப் போவேன். என் குறிப்பேட்டில் இப்போது ஏழு பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் இருவருக்கு முப்பதாவது நாள் இந்த வாரம் வருகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றத் தலைமை எழுத்தர்,
கொங்கு மண்டலம்.

(நான் பார்க்கப் போகும் கைதிகளின் நலன் கருதி என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)